பில் போட்டவரே பொறுப்பு

"பின் பெண்ட் ஆயிருக்கு சார். கம்பெனியில எடுக்க மாட்டாங்க."

கணினிப் பாகம் ஒன்றை வாங்கி, அது பழுதாகி, வாரண்ட்டி இருக்கிற தைரியத்தில் கடைப்படி ஏறியவர்களுக்கு இந்த வாக்கியம் பழக்கமானதுதான். பின் வளையவில்லை என்றால் 'பர்ன்ட்' என்பார்கள். கருகல் எதுவும் இல்லையென்றால் ஸ்டிக்கர் கிழிந்திருக்கும். எதுவுமே கண்ணில் படாவிட்டால், "கரண்ட் ஏறி இறங்கியிருக்கும் சார், அதுக்கெல்லாம் வாரண்ட்டி கிடையாது" என்று முடித்துவிடுவார்கள். கல்லாவில் இருப்பவர் குரலை உயர்த்துவதில்லை. நமக்காக வருத்தப்படுவது போலத்தான் சொல்வார். அதனாலேயே எதிர்த்துப் பேச வாய் வருவதில்லை. பெட்டியையும் பில்லையும் பையில் திணித்துக்கொண்டு படி இறங்கிவிடுகிறோம்.

அப்படி இறங்கிப் போக வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பொம்மசந்திராவை எடுத்துக்கொள்வோம். பெங்களூரிலிருந்து ஒசூர் போகும் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, ஹெப்பகோடிக்கும் சந்தாபுராவுக்கும் நடுவே இருக்கும் தொழிற்பேட்டை. மருந்துக் கம்பெனிகள், பெரிய மருத்துவமனை, சந்துக்குச் சந்து லேத் பட்டறைகள். ஜிகணி இணைப்புச் சாலையில் காலை ஷிப்டுக்கு நடப்பவர்களின் பேச்சில் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் கேட்கும்; தர்மபுரித் தமிழும் சேலத்துத் தமிழும் அதே அளவு கேட்கும். பிள்ளையின் படிப்புக்கென்றும், இரவில் டிசைன் வேலை எடுத்துச் செய்யவென்றும், ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்து ஒரு கணினியை 'அசெம்பிள்' செய்துகொள்ளும் வீடுகள் இங்கே நிறைய. இந்த மாதம் மதர்போர்டு, அடுத்த மாதம் ராம், போனஸ் வந்ததும் கிராபிக்ஸ் கார்டு.

பாகம் வாங்க எஸ்.பி. ரோடு போக வேண்டும். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு அப்படி. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ திறந்த பிறகு பொம்மசந்திராவில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சை வழித்தடத்துக்கு மாறி, மார்க்கெட் பக்கம் இறங்கிவிடலாம். அதற்கு முன்பு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைக் கடந்து பஸ்ஸில் போய் வந்தவர்களுக்குத்தான் அந்தப் பயணத்தின் அருமை தெரியும். ஆனால் மெட்ரோ வந்தாலும் கடை திறக்கும் நேரமும் ஷிப்டு நேரமும் ஒன்றுதான். பழுதான போர்டைக் கொடுக்க ஒரு நாள், 'ரிப்போர்ட் வந்துச்சா' என்று கேட்க ஒரு நாள், மறுப்பைக் கேட்டுக்கொள்ள ஒரு நாள். தினக்கூலிக்காரருக்கு மூன்று நாள் சம்பளம் போனால் போர்டின் விலையில் ஒரு பகுதி போயிற்று. மறுப்பு நிலைத்து நிற்பதற்குச் சட்டம் காரணமில்லை. வாங்கியவருக்கு நான்காவது நாள் லீவு கிடைக்காததுதான் காரணம்.

வளைந்த பின் யாருடையது?

'பின் பெண்ட்' என்ற சொல் ஏன் இவ்வளவு புழங்குகிறது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. பிராசஸரையும் மதர்போர்டையும் இணைக்கும் பின்கள் முன்பெல்லாம் பிராசஸரின் அடியில் இருந்தன. 2004இல் இன்டெல் 775 என்ற சாக்கெட்டைக் கொண்டுவந்தபோது பின்கள் மதர்போர்டுக்கு இடம் மாறின. ஏ.எம்.டி. நிறுவனமும் 2022இல் ஏ.எம்.5 சாக்கெட்டோடு வீட்டுக் கணினிகளில் அதே வழிக்கு வந்தது. இன்றைய ஏ.எம்.5 போர்டில் 1,718 பின்கள். ஒவ்வொன்றும் மயிரிழை போன்றது. பிராசஸரைப் பொருத்தும்போது விரல் நழுவினால் வளையும். சர்வீஸ் சென்டர் மேஜையில் யாரோ அலட்சியமாக மூடியைக் கழற்றினாலும் வளையும். பார்சலில் மூடி இல்லாமல் அனுப்பினாலும் வளையும். வளைந்த பின்னைப் பார்த்து, அது யார் கையில் வளைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் பழி எப்போதும் வாங்கியவர் மேல்தான் விழுகிறது.

இதை உலகமே பார்க்கும்படி நடந்த சம்பவம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கணினிப் பாகங்களைச் சோதித்து விமர்சிக்கும் 'கேமர்ஸ் நெக்சஸ்' என்ற யூடியூப் சேனலை நடத்துபவர் ஸ்டீவ் பர்க். நியூஎக் என்ற பெரிய இணையக் கடையில் ஜிகாபைட் மதர்போர்டு ஒன்றை ஏறக்குறைய 500 டாலருக்கு வாங்கினார். 'ஓப்பன் பாக்ஸ்', அதாவது ஒருமுறை பெட்டி திறக்கப்பட்டுத் திரும்பி வந்த சரக்கு. அது தேவைப்படாமல் போகவே, பயன்படுத்தாமலே திருப்பி அனுப்பினார். சாக்கெட் பின் சேதமாகியிருக்கிறது, பணம் தர முடியாது என்று கடை சொன்னது. போர்டு அவரிடமே திரும்பி வந்தது.

பிறகுதான் உண்மை வெளிப்பட்டது. அந்தப் போர்டை அதே கடை ஏற்கெனவே ஒருமுறை ஜிகாபைட்டுக்குப் பழுதுபார்க்க அனுப்பியிருந்தது. சாக்கெட் சேதத்தைச் சரிசெய்ய 100 டாலர் ஆகும் என்று ஜிகாபைட் சொல்லியிருக்கிறது. அந்தச் செலவை ஏற்காமல் கடை அதை அப்படியே திரும்ப வாங்கி, அடுத்தவர் தலையில் கட்டிவிட்டது. சேதம் வாங்கியவர் கைக்கு வரும் முன்பே இருந்தது. அதற்கான சீட்டும் போர்டோடு இருந்தது. 2022 பிப்ரவரியில் அவர் இதை வீடியோவாக வெளியிட்டார். கடை மன்னிப்புக் கேட்டது, பணம் திரும்பியது, ஓப்பன் பாக்ஸ் போர்டுகளைத் திரும்பப் பெறும் விதியும் மாறியது.

லட்சக்கணக்கானோர் பார்க்கும் சேனல் அவரிடம் இருந்தது. பொம்மசந்திராவில் ஒற்றை அறையில் இருப்பவரிடம் அது இல்லை. ஆனால் அவரிடம் ஒரு சட்டம் இருக்கிறது.

'கம்பெனிகிட்ட பேசிக்கோங்க'

மறுப்புகளிலேயே எனக்கு மிகவும் கோபம் தருவது இதுதான்: "நாங்க விக்கிறவங்க மட்டும்தான் சார். வாரண்ட்டி எல்லாம் கம்பெனிகிட்ட பேசிக்கோங்க." பணத்தை எண்ணி வாங்கியது ஒரு கை, பதில் சொல்ல வேண்டியது வேறு கை என்கிறார்கள். கம்பெனி என்று அவர்கள் காட்டும் இடமும் பெரும்பாலும் உற்பத்தியாளர் நேரடியாக நடத்துவது இல்லை. இந்தியாவுக்கு இறக்குமதி செய்யும் விநியோகஸ்தரின் சேவை மையம். அங்கே போனால், "டீலர் மூலமா வாங்க" என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. பந்து போல அங்கும் இங்கும் உருட்டப்படுபவர் காசு கொடுத்தவர்.

கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இதற்கு விடை சொல்லிவிட்டது. இன்ன வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர், அந்தப் பொருளின் பெயரைச் சொல்லி விற்றால், அது விற்பனைக்குரிய தரத்தில் இருந்தாக வேண்டும். அந்தச் சட்டத்தின் 16ஆவது பிரிவு இந்தப் பொறுப்பை விற்பவர் மேல் வைக்கிறது. உற்பத்தியாளர் தரும் வாரண்ட்டி என்பது இதற்கு மேல் கிடைக்கும் இன்னொரு வாக்குறுதி. அந்த வாக்குறுதியைக் காட்டி விற்றவர் தன் கணக்கை முடித்துக்கொள்ள முடியாது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நேராகப் பேசுகிறது. 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்றால் என்ன என்று வரையறுக்கும் இடத்தில், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பில்லில் ஒரு காலக்கெடு குறித்திருந்தால் அந்தக் காலத்துக்குள்; எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள். பில் தராமல் விற்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. 'ஜி.எஸ்.டி. இல்லாம போட்டுக்கலாமா சார், 18 பர்சென்ட் மிச்சம்' என்று கேட்டால் தலையாட்டிவிடாதீர்கள். அந்த மிச்சத்துக்கு விலையாகப் போவது உங்கள் ஒரே சாட்சி.

30 நாள் தாண்டிப் பழுதானால் வழி அடைபட்டுவிடாது. பொருளில் குறை இருந்தது, வாரண்ட்டி காலம் ஓடிக்கொண்டிருக்கிறது, மறுத்துவிட்டார்கள் என்றால் அந்தச் சிக்கல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கடையையும் விநியோகஸ்தரையும் உற்பத்தியாளரையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்கலாம். அப்போது ஒருவர் மற்றவர் மேல் கைகாட்டுவதை ஆணையத்தின் முன்னால்தான் செய்ய வேண்டியிருக்கும்.

என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்பதிலும் நிதானம் வேண்டும். மாருதி கார் ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது இது: வாரண்ட்டி பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகச் சொன்னால், பாகத்தைத்தான் கேட்கலாம், முழு காரையும் கேட்க முடியாது. 70,000 ரூபாய்க்கு அசெம்பிள் செய்த கணினியில் 9,000 ரூபாய் போர்டு போனால், அந்தப் போர்டு அல்லது அதன் விலை, வட்டி, அலைந்ததற்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு, வழக்குச் செலவு. கேட்பது இந்த அளவில் நிற்கட்டும். ஆனால் மலிவான எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஒன்று வெடித்து, தன்னோடு போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டுபோயிருந்தால் கதை வேறு. குறையுள்ள ஒரு பொருள் மற்றப் பொருள்களுக்குச் செய்த சேதத்துக்கும் இழப்பீடு கேட்க அதே சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது.

நிரூபிக்க வேண்டியவர்

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். பொருளில் குறை இருக்கிறது என்று காட்டும் சுமை முதலில் புகார் கொடுப்பவர் மேல்தான் விழுகிறது. பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்ய முடியாத பழுதென்றால், பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 45 நாளில் அறிக்கை வர வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் அந்தக் கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் புகார்தாரர். சில ஆயிரம் ரூபாய் பாகத்துக்கு இது கட்டுப்படியாகாது.

அதனால் சாட்சியைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெட்டியைப் பிரிப்பதைச் செல்போனில் வீடியோ எடுங்கள். சாக்கெட் மூடியைக் கழற்றியதும் பின்கள் தெரியும்படி ஒரு படம். அந்த மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். அது இல்லாமல் போர்டை எடுத்துக்கொள்ள மறுக்கும் சேவை மையங்கள் உண்டு. பில்லில் சீரியல் நம்பர் ஏறியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பழுதான பிறகு, கொடுக்கும் முன்பு, மீண்டும் அதே படங்கள். கடையில் ஒப்படைக்கும்போது 'ஜாப் ஷீட்' வாங்கி, 'வெளிச் சேதம் இல்லை' என்று அதில் எழுதச் சொல்லுங்கள். ஒப்படைத்த நாளில் வளையாத பின், திரும்பி வந்த நாளில் வளைந்திருந்தால் கேள்வி யாரை நோக்கித் திரும்பும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரு போர்டு வாங்கியவர் துப்பறிவாளர் வேலையும் பார்க்க வேண்டியிருப்பது அநியாயம்தான். மறுப்பவர்தான் காரணத்தை நிரூபிக்க வேண்டும் என்று விதி மாறினால் இந்தச் சண்டைகளில் பாதி கடையிலேயே முடிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏனென்றால், பயனாளர் தவறு என்று சொல்லப்பட்டது பிறகு தயாரிப்பின் தவறாக வெளிவந்திருக்கிறது. இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினி பிராசஸர்கள் காரணமில்லாமல் முடங்குகின்றன என்று மாதக்கணக்கில் பலர் முறையிட்டார்கள். போர்டின் செட்டிங்ஸைப் பார் என்ற பதில்தான் வந்துகொண்டிருந்தது. 2024 ஜூலையில் இன்டெல், பிராசஸரை இயக்கும் தன் மைக்ரோகோடே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே பாதிக்கப்பட்ட பிராசஸர்களின் வாரண்ட்டியை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டித்தது. உலகத்தின் பெரிய கம்பெனிக்கே கண்டுபிடிக்க இவ்வளவு காலம் ஆன பழுதை, கடை மேஜையில் இரண்டு நிமிடம் திருப்பிப் பார்த்து 'கஸ்டமர் தப்பு' என்று சொல்லிவிட முடியுமா?

பட்டறைக்காரருக்கு ஒரு எச்சரிக்கை

பொம்மசந்திரா தொழிற்பேட்டை என்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டும். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்கிறது சட்டம். இந்த வரியின் பொருளைத் தெளிவாக்கிய தீர்ப்புக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்திலிருந்து சி.என்.சி. கடைசல் இயந்திரம் வாங்கிய லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம், இயந்திரம் தாமதமாக வந்தது, குறையோடு வந்தது என்று வழக்குப் போட்டது. 1995இல் உச்ச நீதிமன்றம், அது பெரிய அளவு வணிகத்துக்கான கொள்முதல் என்று சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில், தன் கையாலேயே இயக்கிப் பிழைக்க டைப்ரைட்டர் வாங்குபவரும், தானே ஓட்டிப் பிழைக்க வாடகை வண்டி வாங்குபவரும் நுகர்வோர்தான் என்று விளக்கியது. அன்றைய டைப்ரைட்டர் இருந்த இடத்தில் இன்று கணினி இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து டிராயிங் போட்டுக் கொடுப்பவர் வாங்கும் கிராபிக்ஸ் கார்டு அவருடைய பிழைப்புக் கருவி.

கம்பெனி பெயரில், ஜி.எஸ்.டி. எண் போட்டு, வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் விதமாக பில் வாங்கினால் எதிர்த்தரப்பு முதலில் தூக்கிப் பிடிப்பது அந்தப் பில்லைத்தான். சொந்தப் பயன்பாட்டுக்கு என்றால் சொந்தப் பெயரில் பில் வாங்குங்கள்.

ஒசூரா, பெங்களூரா?

பொம்மசந்திராவில் வேலை, ஒசூரில் வீடு. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தினம் இருமுறை கடப்பவர்கள் ஏராளம். பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில், கடை இருக்கும் ஊரிலோ பிரச்சினை நடந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். இப்போது புகார்தாரர் வசிக்கும் இடத்திலும், வேலை பார்க்கும் இடத்திலும் போடலாம். பொம்மசந்திரா இருக்கும் ஆனேக்கல் வட்டம் பெங்களூரு நகர மாவட்டத்தில் வருகிறது. ஒசூர் கிருஷ்ணகிரி மாவட்டம். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய போர்டுக்குக் கிருஷ்ணகிரி ஆணையத்தில் வழக்குப் போட ஒசூர்க்காரருக்கு உரிமை உண்டு. லீவு போட்டுத் தலைநகருக்கு அலைய வேண்டியவர் இனி வாங்கியவர் இல்லை.

பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் ஏதும் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, நீங்களே பேசலாம். 2025 ஜனவரி முதல் 'இ-ஜாக்ரிதி' என்ற இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம், காணொளி வழியே விசாரணைக்கு அனுமதியும் கேட்கலாம். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. வழக்கை 3 மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் இழுக்கிறது, பொறுமை வேண்டும். தொகை சின்னது என்று கூச்சப்படத் தேவையில்லை. காகிதப் பைக்கு 20 ரூபாய் வாங்கியதை எதிர்த்து ஒரு பெங்களூருப் பெண் ஐகியா மீது போட்ட வழக்கில், 2023இல் பெங்களூரு ஆணையம் அந்த 20 ரூபாயோடு இழப்பீடும் செலவும் சேர்த்து 3,000 ரூபாய்க்கு மேல் தரச் சொன்னது.

இணையத்தில் வாங்கியிருந்தால் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் துணைக்கு வரும். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் 1915 என்ற எண் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழ் உட்பட 17 மொழிகளில் பேசுகிறார்கள். அங்கே பதிவாகும் ஒவ்வொரு புகாரும் ஒரு கணக்கில் சேர்கிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓலா எலக்ட்ரிக் மீது 10,644 புகார்கள் சேர்ந்த பிறகுதான் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. கணினிப் பாகக் கடைகள் மீதும் அந்த ஆணையத்தின் பார்வை திரும்ப வேண்டும். ஆஸ்திரேலியாவில் அது நடந்திருக்கிறது. எம்.எஸ்.ஒய். டெக்னாலஜி என்ற கணினிப் பாகக் கடைத்தொடர், வாங்கியவர்களின் உரிமையைப் பற்றித் தவறாகச் சொன்னதற்காக 2011இல் 2,03,500 டாலரும், திருந்தாததால் 2017இல் 7,50,000 டாலரும் அபராதம் கட்டியது. வழக்குப் போட்டது அந்நாட்டு அரசு அமைப்பே. தனியொருவர் லீவு போட்டு அலையவில்லை. நம் ஆணையத்துக்கும் அந்த அதிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது.

அதுவரை, கல்லா முன்னால் நிற்பவர் கேட்க வேண்டியது ஒன்றுதான். "எடுக்க மாட்டோம்னு நீங்க சொல்ற காரணத்தை இந்த ஜாப் ஷீட்லயே எழுதி, சீல் வச்சுக் குடுங்கண்ணா." வாயால் எளிதாக வந்த மறுப்பு பேனாவுக்கு அவ்வளவு எளிதாக வராது. எழுதித் தந்தால் அது ஆவணம். தர மறுத்தால், கடையை விட்டு வெளியே வந்த கையோடு, மார்க்கெட் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போதே, பில்லில் இருக்கும் மின்னஞ்சலுக்கு ஐந்து வரி அனுப்புங்கள்: இன்ன தேதியில் இன்ன பில்லில் வாங்கிய இன்ன சீரியல் நம்பர் போர்டு, இன்று காலை 11 மணிக்கு உங்கள் கடையில் காட்டினேன், இன்ன காரணம் சொல்லி மறுத்தீர்கள், எழுத்தில் கேட்டேன், தரவில்லை, 15 நாளுக்குள் மாற்றிக் கொடுங்கள் அல்லது பணத்தைத் தாருங்கள். அதையே அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, ஒப்புகைச் சீட்டோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பிவிடுங்கள்.